எத்தனை ஆள் கதை?



கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் வட்ஸ்அப்பில் வொய்ஸ் ஒன்று போட்டிருந்தார். "டீச்சர், குறையா நினைக்காதீங்க. எங்கட புள்ள மூணு நாளா ராவைக்கு வெளியால தனியப் போகுதில்ல. லைட்டப் போட்டுக்குத்தான் படுக்குது. ஸ்கூல்ல பேய்க்கதை வாசிக்கக் குடுத்து அதுக்கு மார்க்ஸும் போடச் சொல்றீங்களாம். இது என்ன பாடம் டீச்சர்?"

நியாயமான கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டார். அவரோடு நேரில் பேசியாகிவிட்டது. அப்போது தெரியவந்த ஒரு விஷயத்தை அவருடைய சம்மதத்தோடு பிறகு சொல்கிறோம். ஆனால் இதே கேள்வி இன்னும் சிலரிடம் இருக்கிறதாம். தரம் 9 பிள்ளைகளுக்கு டீச்சர் பேய் காட்டுறாவாம் என்று மீன் சந்தை வரைக்கும் பேச்சுப் போயிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

கதைக்கு மார்க்ஸ் போடுகிற பழக்கம் எங்களுக்குக் கல்வியியற் கல்லூரி ஹொஸ்டலில் வந்தது. ஒரு அறையில் ஆறு பேர். கழிவறை நீண்ட விறாந்தையின் அந்தத் தொங்கலில். விறாந்தையில் மூன்று பல்புகள் இருந்தன, எரிவது ஒன்று. எங்களுக்கு முன்பிருந்த யாரோ ஒரு பெட்டி நிறைய மாத நாவல்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பி.டி.சாமி, இந்திரா சௌந்தர்ராஜன், ராஜேஷ்குமார், சுஜாதா. அட்டை இல்லாதவை, நடுவில் பத்துப் பக்கம் காணாதவை. ஆனால் கடைசிப் பக்கம் மட்டும் எல்லாவற்றிலும் பத்திரமாக இருக்கும். ஏனென்றால் வாசித்தவர்கள் பென்சிலால் அபிப்பிராயம் எழுதுவது அங்கேதான். "சூப்பர்." "சரியான அறுவை." "பேய் கடைசியில மச்சானாம், நேரம் நட்டம்." இந்த மூன்றாவதை எழுதியவரை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை. வாசிக்க முன்னமே கதையை உடைத்துவிட்டார்.

எங்கள் அறைக்கு வேறு அளவுகோல். கதையை வாசித்து முடித்த பிறகு அந்த விறாந்தையால் கழிவறைக்குப் போக எத்தனை பேர் துணை வேண்டும்? அதுதான் மார்க்ஸ். ஒரு ஆள் கதை, இரண்டு ஆள் கதை, மூன்று ஆள் கதை. அரை ஆளும் உண்டு. கட்டிலை விட்டு எழும்பாமல், அறை வாசல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தமாகப் பேச்சுக் கொடுக்கிறவர் அரை ஆள்.

பி.டி.சாமியின் கதைகள் பெரும்பாலும் ஒரு ஆள். வாசிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூடி வைத்தால் சிரிப்பு வரும். "விடாது கருப்பு" இரண்டரை. சுஜாதாவின் "கொலையுதிர் காலம்" அறையை இரண்டாகப் பிரித்தது. பேய்க்கு ஹொலோகிராம் என்று ஒரு விஞ்ஞான விளக்கம் அதில் வரும். விளக்கம் கிடைத்த பிறகு என்ன பயம் என்று மூன்று பேர். விளக்கம் கிடைத்த பிறகும் விறாந்தை இருட்டாகத்தானே இருக்கிறது என்று மூன்று பேர். புதுமைப்பித்தனின் "காஞ்சனை" நாலு ஆள். போகிறவர் ஒன்று, துணை நாலு. மிஞ்சுகிற ஒருத்தி அறையில் தனியே இருப்பாளா? ஆகவே முழு அறையும் போய் வந்தது. வார்டன் மேடம் எழும்பி வந்து என்ன ஊர்வலம் என்று கேட்டார்.

அப்போதே ஒன்று கவனித்தோம். இரத்தம் கூடக் கூட ஆள் குறைகிறது. பிணம் எழும்பி நடக்கிற கதைக்கு ஒரு ஆள் போதும். கதவு தட்டப்படுகிறது, யார் என்று தெரியாது, அவ்வளவுதான் என்றால் மூன்று ஆள். ஸ்டீபன் கிங் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியிருப்பதைப் பிறகுதான் அறிந்தோம். வாசகரை நடுங்க வைப்பது முதல் தரம், அது முடியாவிட்டால் கோரத்தைக் காட்டுவது, அதுவும் முடியாவிட்டால் அருவருக்க வைப்பது என்று மூன்று படி சொல்கிறார். இவரும் எங்களைப் போல ஒரு ஆசிரியர்தான், உயர்தரப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். முதல் நாவலின் தொடக்கப் பக்கங்களைச் சரிவராது என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். மனைவி பொறுக்கியெடுத்து வாசித்துவிட்டு, மிச்சத்தையும் எழுதுங்கள் என்றாராம். அதுதான் 1974இல் வந்த "கேரி". சம்பளம் போதாத ஆசிரியர்களின் வீட்டுக் குப்பைக்கூடையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் போல.

ஹொஸ்டல் முடிந்தது, நியமனம் வந்தது, கதைகளை மறந்தோம். திரும்ப ஞாபகப்படுத்தியது 2022.

அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எல்லோரும் அனுபவித்ததுதான், விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மெழுகுவர்த்தியும் விலை. போன் செத்துப்போன பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் திண்ணையில் வந்து குந்தினார்கள். கதை சொல்லுங்க என்றார்கள். டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய "குரங்கின் பாதம்" கதையைச் சொன்னோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம், மூன்று ஆசைகளை நிறைவேற்றுமாம். ஒரு தகப்பன் 200 பவுண் காசு கேட்கிறார். அடுத்த நாள் மகன் வேலைத்தளத்தில் இயந்திரத்துக்குள் அகப்பட்டு இறந்துபோகிறான். கம்பனி நட்டஈடு கொண்டுவருகிறது, சரியாக 200 பவுண். தாய் பொறுக்கமாட்டாமல், மகனைத் திரும்பக் கேளுங்கள் என்று மல்லுக்கட்டுகிறாள். கேட்கிறார். இரவில் கதவு தட்டுகிறது. தாய் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிறாள். புதைத்துப் பல நாளாகிவிட்ட உடம்பு எப்படி வந்து நிற்கும் என்று நினைத்த தகப்பன் மூன்றாவது ஆசையைக் கேட்டுவிடுகிறார். கதவு திறந்தால் வெறும் தெரு.

கதை முழுக்க ஒரு பேயும் வரவில்லை. திண்ணையில் இருந்த பதினொரு பிள்ளைகளில் ஒன்றும் எழும்பி வீட்டுக்குப் போகவில்லை. (அந்தப் பாதத்துக்கு மந்திரம் போட்டவர் இந்தியாவில் ஒரு பக்கீர் என்று கதையில் வரும். அவர்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்களைக் கண்டால் பயம், எங்களுக்கு வேறு யாரையோ கண்டால் பயம். அது இருக்கட்டும்.)

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒரு பொடியன் சொன்னான்: "ஆசப்பட்டது வாப்பா. மெளத்தானது மகன். இது சரியில்ல."

பாடசாலை ஒழுங்காகத் தொடங்கிய பிறகு லைப்ரரிப் பாடவேளையில் இதைச் செய்யத் தொடங்கினோம். பிள்ளைகள் கொப்பியில் மூன்று விஷயம் எழுத வேண்டும். எத்தனை ஆள் கதை? பயம் வந்தது எந்த வரியில்? பயத்துக்கு விலை கொடுத்தது யார்? மூன்றாவது அந்தப் பொடியன் தந்த கேள்வி.

ஆசிரியர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டாவது கேள்விதான் உண்மையில் தமிழ்ப் பாடம். எந்த வரி என்று காட்ட வேண்டுமானால் திரும்ப வாசிக்க வேண்டும். தவணைப் பரீட்சையில் 35ஐத் தாண்டாத ஒரு பிள்ளை, "இந்த வரி சின்னன் டீச்சர், அதுக்கு முந்தின வரி எல்லாம் நீளம், அதான் திடுக்கிடுது" என்று சொன்னது. வசனநடையைப் பற்றி அதைவிட நன்றாக எங்களுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மார்க்கத்தின் பக்கம். பேய்க்கதை வாசிப்பது கூடுமா கூடாதா என்று கேட்டவர்களும் உண்டு. ஜின் இருப்பதை நாம் ஈமான் கொண்டவர்கள், குர்ஆனில் 72ஆவது ஸூராவே அதன் பெயரில் இருக்கிறது. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் முருங்கை மரத்தில் வெள்ளைச் சீலையோடு ஆடுவதெல்லாம் ஜின் என்று யார் சொன்னது? இதைப் பேச எங்களுக்குத் தகுதி காணாது என்று பயந்து, எங்கள் பாடசாலை மௌலவி சேரிடம் போனோம். கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

அவர் சிரித்தார். எகிப்தில் ஓதிய காலத்தில் அஹ்மத் காலித் தௌபீக் என்பவரின் புத்தகங்களை ஒன்றும் விடாமல் வாசித்தாராம். 1962இல் பிறந்து 2018இல் மௌத்தான எகிப்திய டொக்டர். தன்தா பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படிப்பித்துக்கொண்டே, 1993 தொடக்கம் சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னச் சின்னப் பேய்க்கதைப் புத்தகங்களாக எழுதித் தள்ளியவர். அரபு நாட்டில் ஒரு தலைமுறையே அதைப் படித்து வாசிப்புப் பழகியது. கதாநாயகன் ரிஃப்அத் இஸ்மாயில் என்ற வயதான டொக்டர், வழுக்கை, நோயாளி, சந்தேகப் பிராணி. 2020இல் நெட்பிளிக்ஸில் தொடராகவும் வந்தது.

பிறகு மௌலவி சேர் இன்னொன்று சொன்னார். அதற்காகவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸறாவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், "கிதாபுல் ஹயவான்" என்ற தன்னுடைய பெரிய நூலில் பாலைவனத்துப் பூதங்களைப் பற்றிப் பேசுகிறார். பூதங்களைக் கண்டதாக நாட்டுப்புற அரபிகள் சொல்வது எப்படி என்பதற்குத் தன் ஆசிரியர் அந்நழ்ழாம் சொன்ன காரணத்தை எடுத்துக் காட்டுகிறார். ஆளில்லாத வெளியில் தனியே நெடுநாள் இருப்பவனுக்குச் சின்னது பெரிதாகத் தெரியும், இல்லாதது இருப்பதாகக் கேட்கும். அதை அவன் கவியாகவும் கதையாகவும் ஆக்குகிறான். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். அந்தப் பிள்ளை பெரியவனாகி இருட்டில் தனியே போகும்போது, ஒரு ஆந்தை கத்தினாலும் போதும், கதையில் கேட்டது முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். இதுதான் அதன் சாராம்சம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

"அப்ப கதை சொல்லக் கூடாதா சேர்?" என்று கேட்டோம். "கதையைக் கதையெண்டு சொல்லிக் குடுங்க" என்றார்.

எங்கள் மூத்தம்மாவுக்கு ஜின் கதை ஏராளம் தெரியும். ஆற்றங்கரை ஜின், புளியமரத்து ஜின், தொழ வருகிற நல்ல ஜின். 1990க்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், "இனி அதுகளுக்கு எதுக்குப் பயப்புடுற" என்பார். எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் கதைகள் கிடைக்காமல் போனது அப்படித்தான்.

இனிச் சொல்வது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

போன வருஷம் "காஞ்சனை"யை வகுப்பில் வாசித்தோம். பிள்ளைகளுக்குப் புரியாத சொற்களை இடையில் நிறுத்திச் சொல்லிச் சொல்லி, இரண்டு பாடவேளை எடுத்தது. பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். தூக்கம் வராத கணவனுக்கு இரவில் ஒரு வாடை வருகிறது. அவள் யார், என்ன என்று அவருக்கு ஒரே பயம். கொப்பியில் எல்லோரும் மூன்று, நாலு என்று ஆள் போட்டிருந்தார்கள். பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை மட்டும் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று கேட்டோம்.

"அவ பிச்ச கேட்டு வந்தவ, அவ்வளவுதானே டீச்சர். தூக்கமில்லாதது இவருக்கு. அவ என்ன செஞ்ச எண்டு கதையில எங்க இரிக்கி?"

வகுப்பு இரண்டு பட்டது. இரத்தம் வருதே, சாம்பல் வருதே என்று ஒரு பக்கம். சொல்வது அவர் ஒருவர்தானே, வேறு யார் பார்த்தது என்று இன்னொரு பக்கம். மணி அடிக்கும் வரைக்கும் சண்டை. நாங்கள் மேசையில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் நின்றோம். எங்களுக்கு 2011 ஞாபகம் வந்துவிட்டது.

ஊரில் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2011 ஓகஸ்ட், நோன்பு மாதம். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியிருக்கிறானாம், விரலில் பிளேட் கட்டியிருக்கிறானாம், மதிலை ஒரே பாய்ச்சலில் பாய்கிறானாம், பெண்களைத்தான் தேடி வருகிறானாம். பொத்துவில், கிண்ணியா, புத்தளம் எல்லா இடமும் கொந்தளித்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரின் உயிரே போனது. நாங்கள் அப்போது கல்லூரியில் இருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தோம்.

ஒரு இரவு, தறாவீஹ் நேரம். ஆண்கள் பள்ளியில். வீட்டில் உம்மா, ராத்தா, மாமியின் மகள், நாங்கள். பின்வளவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு ஆள் நின்றார். யார் முதலில் கத்தியது என்று எங்களுக்குள் இன்றைக்கும் தீர்மானமில்லை. நாலு பேரும் கத்தினோம் என்பதுதான் சரி.

பள்ளியிலிருந்து பொல்லும் டோர்ச்சுமாக ஓடிவந்தார்கள். அந்த ஆள் ஓடினார். அத்தனை பேர் பொல்லோடு வந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? வயல் வரம்பில் பிடித்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர். சினைப்பசு கயிறு அறுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததாம், தேடி வந்தேன் என்று கத்தியிருக்கிறார். கேட்க யாருமில்லை. வயதான ஒருவர் ஆளை அடையாளம் கண்டு நடுவில் விழுந்து மறித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வலது கை மணிக்கட்டில் முறிந்திருந்தது. பள்ளிப் பெரியவர்களும் கோயில் பெரியவர்களும் இரவோடிரவாகப் பேசி, ஊரோடு ஊர் மோதாமல் பார்த்துக்கொண்டார்கள். விடிய, பசு வாய்க்கால் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டு நின்றது.

இது பலருக்குத் தெரிந்த கதை. தெரியாதது இது. நாங்கள் கண்டது ஒரு மனிதனின் தலையும் தோளும். அவ்வளவுதான். ஆனால் ஓடிவந்தவர்கள் கேட்டபோது நாங்கள் சொன்னது, சரியான உயரம், கறுப்பு, கண் மின்னியது, கிறீஸ் மணத்தது. கிறீஸ் மணம் எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அங்கே இருந்தது கழுவின பாத்திரத்தின் சவர்க்கார மணம். யாரோ ஒருவர் சொன்னோம், மற்ற மூவரும் ஓம் ஓம் என்றோம். சஹருக்கு எழும்பும்போது அந்த மணம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கேட்ட கதை கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டி நிறையப் பேய்க்கதை வாசித்து ஆள் கணக்குப் போட்ட எங்களுக்கே அப்படி. அந்த நாவல்களுக்கு எழுதியவர் பெயர் அட்டையில் இருந்தது, கடைசிப் பக்கம் இருந்தது, அறுவை என்று எழுத இடம் இருந்தது. கிறீஸ் பூதத்துக்கு அது ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த பாடவேளையில் இதை வகுப்புக்குச் சொன்னோம். ஆளின் பெயர் சொல்லவில்லை. பிள்ளைகள் மிக அமைதியாக இருந்தார்கள். ஒரு பிள்ளை எழும்பி, 2018இல் அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டதாகச் சொல்லிக் கடையையும் பள்ளியையும் அடித்தார்களே, அதுவும் இப்படியா டீச்சர் என்று கேட்டது. ஓம். அரசாங்கப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று வந்தது, ஆனால் பள்ளி உடைந்த பிறகு. அந்தக் கதையில் பூதம் நாங்கள். வேலிக்கு வெளியில் நின்றது நாங்கள்.

பிறகு இன்னொரு பொடியன் கேட்டான்: "டீச்சர், நீங்க அந்த ஆளிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

இல்லை என்றோம். வேறு என்ன சொல்வது.

அந்த ஆள் எங்கோ தூரத்தில் இல்லை. பல வருஷமாக எங்கள் தெருவுக்குத் தயிர் கொண்டுவருகிறவர்தான். முதலில் சைக்கிளில் வந்தார், இப்போது மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறார். நோன்பு காலத்தில் அவருடைய தயிர் இல்லாத வீடு குறைவு. வலது கை மணிக்கட்டு சரியாகத் திரும்பாது, சட்டியை இடது கையால்தான் எடுத்துத் தருவார். எங்கள் வீட்டில் சில்லறை மிச்சம் கேட்பதில்லை. அது மட்டும்தான் இத்தனை வருஷமாக நாங்கள் செய்தது.

இந்த முறை நோன்பு பத்தில் ஒரு பின்னேரம், ராத்தாவும் நாங்களும் கடப்பில் நின்றோம். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

"அண்ணன், அண்டைக்கு நோன்பில கத்தினது நாங்கதான்."

அவர் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். "தெரியும் புள்ள. நான் நிண்ட வேலி எது எண்டு எனக்குத் தெரியாதா?"

கிறீஸ் மணத்தைப் பற்றியும் சொன்னோம். அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. முகம் கொஞ்சம் மாறியது. "கிறீசா," என்றார். பிறகு, "நான் குளிச்சிட்டுத்தான் வந்த நான்," என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ராத்தா அழத் தொடங்கிவிட்டார். அவர்தான் பேச்சை மாற்றினார். அந்தப் பசு அதற்குப் பிறகு ஏழு கன்று போட்டதாம். "நேத்துக் குடுத்த சட்டி ரெண்டும் எங்க? கழுவாட்டியும் பரவால்ல, எடுங்க. நோன்பு துறக்கிற நேரம் வருது."

மன்னித்தாரா என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த நாளும் வந்தார். இதை எழுதலாமா என்று கேட்டோம், பேரைப் போடாமல் எழுதுங்க என்றார்.

இனி அந்தத் தாயின் விஷயம். நேரில் வந்தபோது பிள்ளையின் கொப்பியைக் காட்டினோம். கடைசியாக வாசித்த கதைக்கு அந்தப் பிள்ளை போட்டிருந்தது அரை ஆள், "கடைசியில பேய் இல்லையாம், ஏமாத்து" என்று குறிப்பும் எழுதியிருந்தது. அப்படியானால் எதற்குப் பயம்? பிள்ளையைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டோம். வீட்டு குரூப்பில் ஒரு வொய்ஸ் வந்ததாம். பிள்ளை பிடிக்கிற ஆட்கள் ஊருக்குள் இறங்கியிருக்கிறார்கள், சாக்கோடு திரிகிறார்கள், உம்மாமார் கவனம், உண்மைச் சம்பவம். கூடவே ஒரு மனிதரின் படம், தோளில் உரப்பை. தாய் எங்களைப் பார்த்தார். "அத நானும் நாலு குரூப்புக்குப் போட்டனே டீச்சர்," என்றார். இதை எழுதுங்கள், பரவாயில்லை என்று சொன்னவரும் அவர்தான். அந்தத் துணிச்சலுக்காக அவருக்கு துஆச் செய்யுங்கள்.

அந்தப் படம் உங்களில் பலருடைய போனிலும் இருக்கும். எங்களுக்கும் மூன்று இடத்திலிருந்து வந்தது. அதில் இருப்பவர் பழைய இரும்பும் போத்தலும் எடுக்க வருகிறவர் போலத்தான் தெரிகிறது. யார் எடுத்த படம், எந்த ஊர், எந்தப் பிள்ளை காணாமல் போனது, ஒன்றும் அதில் இல்லை. தயவுசெய்து அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். உண்மையில் சந்தேகம் இருந்தால் பொலிஸில் சொல்லுங்கள், பொல்லை எடுக்காதீர்கள்.

லைப்ரரிப் பாடவேளை தொடர்ந்து நடக்கும், அதிபர் சேரின் அனுமதி இருக்கிறது. பயம் கூடிய பிள்ளைகளுக்கு வேறு கதை தருகிறோம், யாரையும் வற்புறுத்துவதில்லை. வீட்டில் பழைய மாத நாவல்கள், கதைத் தொகுதிகள் கிடந்தால் பாடசாலை ஒபீஸில் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் யாராவது எழுதியிருந்தால் அதை அழிக்க வேண்டாம். ஆனால் பேய் யார் என்று எழுதியிருந்தால் மட்டும் தயவுசெய்து அழித்துவிட்டுத் தாருங்கள்.